கழிவு போக இருபது கிலோ

வெங்காயக் கொட்டிலுக்குள் இருந்த மேடைத் தராசில் என் வலது காலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். இடது கால் பக்கத்தில், தராசின் உயரத்துக்கு அடுக்கிய இரண்டு சீமெந்துக் கற்களின் மேல் இருந்தது. கைகள் இரண்டும் வாக்கரில். எனக்குப் பின்னால் என் கணவர் தராசின் தண்டையே பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அமத்தும். இன்னும் கொஞ்சம் அமத்தும்.”

“அமத்துறன்தானே!”

“காலாலை அமத்தச் சொன்னனான். வாயாலை இல்லை.”

கொட்டில் முழுவதும் காய்ந்த வெங்காயத் தோல். காற்று அடித்தால் மூக்குக்குள் ஏறும். தும்மல் வந்தால் காலில் எத்தனை கிலோ கூடும் என்று எனக்குத் தெரியாது. அதனால் மூக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பூமணி அக்காவின் தலை தெரிந்தது. எங்கள் அயல். என்னைவிடப் பத்து வயது கூட. எங்கள் வீட்டு விஷயம் எதையும் தவறவிடாதவர்.

“என்ன தம்பி, பெண்சாதியை நிறுத்து விக்கப்போறியோ?”

“கால் மட்டும்தான் அக்கா” என்றார் என் கணவர், தண்டில் இருந்து கண்ணை எடுக்காமலே.

போன கிழமை இந்தப் பத்தியை, தபாற்கந்தோரில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்திவிட்டு நான் ஓய்வு பெற்ற நாளோடு நிறுத்தியிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்தீர்கள் என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். விழுந்தேன். அதுதான் செய்தேன்.

இரண்டு கையாலும் கும்பிட்டது

மருதனார்மடத்துச் சந்தியால் போகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஆஞ்சநேயர் கோயிலைக் கடக்கும்போது சைக்கிளில் போகிறவரும் மோட்டார் சைக்கிளில் போகிறவரும் ஒரு கையைத் தூக்கி நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒற்றைக் கையால் கும்பிடுவது, ஒட்ட வேண்டிய முத்திரையில் பாதியைக் கிழித்து ஒட்டுவது போல.

ஆகவே அன்று ஸ்கூட்டியை மெதுவாக்கி, ஹாண்டிலை விட்டு, இரண்டு கைகளையும் கூப்பினேன். கண்ணையும் மூடினேன். கும்பிடுவதென்றால் முறையாகக் கும்பிட வேண்டும் அல்லவா?

ஸ்கூட்டி தன் பாட்டுக்குப் போனது. நான் என் பாட்டுக்குப் போனேன். சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் நாலு திசையிலும் போனது. விழுந்து கிடக்கும்போது என் வலது கணைக்காலுக்குள் ‘சடக்’ என்று ஒரு சத்தம். முருங்கைக் கொப்பு முறிகிற அதே சத்தம். நோவைவிட எனக்கு அந்தச் சத்தம்தான் அப்போதும் பிறகும் பெரிதாக இருந்தது.

தூக்கிவிட்ட ஓட்டோக்காரத் தம்பியிடம் நான் முதலில் கேட்டது, “கத்தரிக்காய் நசிஞ்சு போச்சோ?” என்றுதானாம். இதை அந்தத் தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

தலைக்கு வந்தது காலோடு போனது, ஆஞ்சநேயர்தான் காப்பாற்றினார் என்று பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கதை. நானும் ஓம் என்றுதான் சொன்னேன். ஆனால், மலையையே தூக்கினவர் ஒரு ஸ்கூட்டியைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு.

ஐம்பத்தெட்டு

கணைக்கால் எலும்பு இரண்டாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தகடும் எட்டு ஆணியும் வைத்துப் பொருத்தினார்கள். எலும்பு டொக்டர் கொழும்புத்துறைப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர் என்று தானே சொன்னார். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார். அதனால் நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

வீட்டுக்கு விடும் நாள் கட்டிலடிக்கு வந்தார்.

“அம்மா, உங்கடை நிறை எவ்வளவு?”

“ஐம்பத்தெட்டு” என்றேன்.

பக்கத்தில் நின்ற என் கணவர் செருமினார். நான் திரும்பிப் பார்த்தேன். செருமல் நின்றது.

“சரி, அப்ப மூண்டிலை ஒரு பங்கு. கிட்டத்தட்ட இருபது கிலோ. வாக்கரைப் பிடிச்சுக்கொண்டு அந்தக் காலிலை இருபது கிலோ பாரம் குடுத்து நடக்கவேணும். சும்மா தூக்கி வைச்சிருக்கக்கூடாது. விளங்குதோ?”

“விளங்குது” என்றேன். விளங்கியது. ஆனால் செய்கிற உத்தேசம் எனக்குத் துளியும் இருக்கவில்லை.

நட்ட கதியாலை ஆட்டலாமோ?

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள். ஒரு கையில் பால்மாப் பேணி, மறு கையில் முந்திரிகைப்பழக் குலை, வாயில் ஒரு பயங்கரக் கதை. தகடு உள்ளுக்குள் முறிந்த ஒருவர், ஆணி கழன்று வெளியே வந்த ஒருவர், கடைசியில் காலையே எடுக்கவேண்டி வந்த ஒருவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. அந்தக் கால்கள் எல்லாவற்றுக்கும் உரியவர்களைக் கூட்டினால் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டி வைக்கலாம். ஓடத்தான் ஆள் இராது.

பூமணி அக்கா ஒவ்வொரு நாளும் வந்தார். அவருடைய எலும்பு விஞ்ஞானம், கொப்பை வெட்டிக் கதியாலாக நட்டு வேர்பிடிக்க வைக்கிற வேலியில் இருந்து வந்தது.

“பிள்ளை, டொக்டர் சொல்லுவார். அவருக்கென்ன, கால் உன்ரை. நட்ட கதியாலை ஆட்டினா வேர் பிடிக்குமோ? பேசாமல் தூக்கி வைச்சுக்கொண்டு இரு.”

எனக்கு அது வலு நியாயமாகப் பட்டது. பூசின சுவரையே காயும்வரை தொடக்கூடாது என்கிறோம். எலும்பு அதற்குக் குறைந்ததா?

ஆகவே இருந்தேன். செவ்வாய், வெள்ளி தவிர்ந்த நாளெல்லாம் ஆட்டுக்கால் சூப் வந்தது. முறிந்த காலுக்குக் கால்தான் மருந்து என்பது பொது அறிவு. என் கணவர் சமைத்தார், துவைத்தார், என் தலையை வாரிப் பின்னியும் விட்டார். வெங்காயம் பிணைத்துப் பழகிய கை. பின்னல் கூரையில் தொங்கவிடலாம் போல இறுகியிருக்கும்.

ஆறு கிழமை மகாராணி மாதிரி இருந்தேன். பொய் சொல்லவில்லை, பிடித்துத்தான் இருந்தது. முப்பத்தைந்து வருடம் ஊருக்கு ஓடி ஓடி வேலை செய்தவளுக்குக் கட்டிலில் தேத்தண்ணி வருவது சின்ன விஷயமா?

ஆனால் அது முழு உண்மை இல்லை. உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். சும்மா பயம் இல்லை. பாதம் நிலத்தில் பட்டவுடனே அந்த ‘சடக்’ காதுக்குள் கேட்கும். உடம்பு குளிர்ந்துபோகும். காலை இழுத்துக்கொள்வேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கதியால் என்றேன், சுவர் என்றேன், பூமணி அக்கா என்றேன். பயம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆடு நடந்தது, நீங்கள் நடக்கேல்லை

ஆறு கிழமை கழித்துப் படம் எடுத்துப் பார்த்த டொக்டரின் முகம் சுருங்கியது. முறிந்த இடத்தில் கறுப்புக் கோடு முதல் படம் எடுத்த நாளில் இருந்த மாதிரியே இருந்தது. எலும்பு ஒரு பொட்டுக்கூட வளரவில்லை.

“பாரம் குடுத்தனீங்களோ?”

நான் ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொன்னேன்.

“ஆட்டுக்கால் நல்லதுதான் அம்மா. ஆனால் ஆடு நடந்தது, நீங்கள் நடக்கேல்லை.”

பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்து சொன்னார். எலும்பு சீமெந்து இல்லையாம். அது உயிருள்ள சாமான். தன்மேல் பாரம் விழுகிற இடத்தில்தான் கட்டுமாம். பாரம் இல்லாத இடத்தில் இருக்கிறதையும் கரைத்துக்கொண்டு போய்விடுமாம். ஆகாயத்தில் மிதந்து திரிகிற விண்வெளி ஆட்களுக்கே எலும்பு மெலிகிறதாம்.

“உங்களுக்கும் அதுதான் நடக்குது. நீங்கள் பண்டத்தரிப்பிலை மிதக்கிறியள்.”

நான் விடவில்லை. “நட்ட கதியாலை ஆட்டினா வேர் பிடிக்குமோ டொக்டர்?”

“கதியாலுக்கு நடக்கிற வேலை இல்லை அம்மா. முறிஞ்ச இடத்திலை மயிரிழை அளவு அசைவு வேணும். அப்பத்தான் எலும்புக்கு இஞ்சை வேலை கிடக்கெண்டு தெரியும். கனக்க அசைஞ்சா, பிறக்கிற எலும்பு கிழிஞ்சு போகும். அசைவே இல்லாட்டி அது பிறக்காது. அதுக்குத்தான் அளவாக் குடுக்கச் சொன்னனான்.”

“தகடு இருக்குத்தானே, அது தாங்கும்தானே?”

அவர் மேசையில் கிடந்த கடதாசிக் கிளிப் ஒன்றை நிமிர்த்தினார். ஒரு பக்கம் வளைத்தார், மறு பக்கம் வளைத்தார். பத்தாவது தரமோ என்னவோ, அது இரண்டாக முறிந்தது.

“தகடும் உப்பிடித்தான். எலும்பு வரும்வரைக்கும் பிடிச்சுக்கொண்டு நிக்கத்தான் அதை வைச்சது. அதுக்குக் களைக்கிறதுக்கு முதல் எலும்பு வந்து சேரவேணும். ரெண்டுக்கும் ஓட்டப்போட்டி. உங்கடை எலும்பு இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை.”

அடுத்த படம் எட்டுக் கிழமையில். அப்போதும் எலும்பு வராவிட்டால் இன்னொரு சத்திரசிகிச்சை. இடுப்பு எலும்பில் இருந்து சுரண்டி எடுத்துக் காலில் வைத்து அடைப்பார்களாம். காலுக்கு வந்த வினை இடுப்புக்கும் ஏறப்போகிறது.

“இந்தக் கிழமை இருபதிலை தொடங்குங்கோ. பிறகு கிழமைக்குக் கிழமை ஐஞ்சு ஐஞ்சாக் கூட்டுங்கோ. வீட்டிலை நிறை பாக்கிற மெசின் இருக்கோ? அதிலை காலை வைச்சு அமத்திப் பழகினால் அளவு பிடிபடும்.”

“இருக்கு டொக்டர்” என்றார் என் கணவர் உடனே.

எங்கள் வீட்டில் ஆள் நிறை பார்க்கும் மெசின் என்றைக்கும் இருந்ததில்லை. அதில் நான் கவனமாக இருந்தேன். பிறகுதான் விளங்கியது, இவர் சொன்னது வெங்காயத் தராசை.

திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். இருபது கிலோ. அதற்குமேல் ஒரு கிராம்கூட இல்லை. கூட்டுகிற கதையே வேண்டாம். அதை இவருக்கும் சொன்னேன். இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டுக்குத் தராசு வந்த வழி

இந்த மனிதரைப் பற்றி ஒரு விஷயம் நீங்கள் அறிய வேண்டும். நிறை என்றால் இவருக்கு வேதம்.

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் கழிவு என்று ஒரு வழக்கம் உண்டு. தோட்டக்காரர் நூறு கிலோ கொண்டுபோனால், வியாபாரி பத்துக் கிலோவைக் கழிவு என்று வெட்டிவிட்டுத் தொண்ணூறுக்குத்தான் கணக்குப் பார்ப்பார். கேட்டால் சாக்கு, மண், ஈரம், அழுகல் என்று ஒரு பட்டியல் வரும். எல்லாரும் முணுமுணுத்துவிட்டு விட்டுக்கொடுப்பார்கள். இவர் விட்டுக்கொடுக்கமாட்டார். ஒவ்வொரு முறையும் சண்டை. ஒருமுறை சந்தைத் தராசையே நம்பாமல் சொந்தமாக இந்த மேடைத் தராசை வாங்கி, அதை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிச் சந்தைக்கே கொண்டுபோய் இறக்கினார். வெங்காயத்தைவிடத் தராசைப் பார்க்கத்தான் சனம் கூடியது.

“நிறையிலை பொய் சொல்லுறவன் எதிலையும் பொய் சொல்லுவான்.” இது இவர் அடிக்கடி சொல்லுவது.

நானும் நிறையில் மோசமில்லை. தபாற்கந்தோர்த் தராசில் என்னை ஏமாற்ற ஒருவர் பிறந்ததில்லை. கனடாவில் இருக்கும் மகனுக்குப் பனங்காய்ப் பணியாரம் அனுப்ப வந்த ஒருவரின் பொதி அளவைத் தாண்டி நின்றது. முடியாது என்றேன். மனுசன் பொதியை அவிழ்த்து, ஒரு பணியாரத்தை எடுத்து, அங்கேயே நின்று தின்றார். நிறுத்தோம். இன்னும் கூட. இன்னொன்றைத் தின்றார். பின்னால் நின்ற வரிசையும் உதவிக்கு வந்தது. முள்ளு சரியான இடத்தில் நின்றபோது மகனுக்கு மிஞ்சியது பாதிப் பொதிதான். சட்டம் சட்டம்தான். எனக்கும் ஒன்று தந்தார்கள்.

என் சொந்த நிறையைப் பற்றி நான் சொல்கிற கணக்கு வேறு விஷயம். அது தபாலில் போவதில்லை.

டக்

ஆக, காலை ஆறரை மணிக்குக் கொட்டிலில் பயிற்சி. தராசை இவர் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். தண்டும் படிக்கல்லும் என் முதுகுக்குப் பின்னால். “இல்லாட்டி வாக்கரின்ரை கால் தட்டுப்படும்” என்றார். சரியென்று பட்டது.

அந்தத் தராசு வேலை செய்கிற விதம் சுலபம். தண்டின் நுனியில் ‘இருபது’ என்று பொறித்த ஒரு சின்னப் படிக்கல்லைத் தொங்கவிட்டால், மேடையில் இருபது கிலோ அமர்ந்த உடனே தண்டு எழும்பி ‘டக்’ என்று மேலே முட்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற கல்தான். ஆனால் தண்டு நீளம் என்பதால் ஒரு மூட்டையோடு மல்லுக்கட்டும்.

வாக்கரை விட்ட பிறகு தடி பிடிக்க வேண்டிய கையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வலது கால் நோவென்றால் தடி இடது கையிலாம்! பூமணி அக்கா கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு இடம் வலம் தெரியாதோ?” என்றார். டொக்டர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பாய் போட்ட வள்ளம் ஒரு பக்கம் சரிந்தால் ஆள் மறுபக்க விளிம்புக்கு ஓடித் தொங்குவாராம். நடுவில் நின்றால் நாலு பேர் வேண்டும், விளிம்பில் என்றால் ஒருவர் காணும். தடியும் நோகிற காலுக்கு எட்டத் தள்ளி நின்றால்தான் கொஞ்ச உதையிலேயே பெரிய பாரத்தை வாங்குமாம். “எங்கடை அப்பா இதைப் படிக்காமலே செய்தவர்” என்றார்.

முதல் நாள் நான் தராசில் காலை வைக்கக் கால் மணி நேரம் எடுத்தது. வைத்ததும் அந்தச் ‘சடக்’. இழுத்துக்கொண்டேன். திரும்ப வைத்தேன். இழுத்தேன். இவர் அவசரப்படுத்தவில்லை. தொண்டை கமறத் தேவாரம் ஒன்றைப் பிழை பிழையாகப் பாடிக்கொண்டு நின்றார். அதைத் திருத்துகிற அவசரத்தில் நான் அமத்திவிட்டேன் போல.

‘டக்.’

“இருபது!” என்றார்.

அந்தச் சத்தம் எனக்கு எப்படி இனித்தது என்று சொல்லத் தெரியவில்லை. இருபது கிலோ குடுத்தேன், ஒன்றும் முறியவில்லை. மத்தியானம் முழுக்க எல்லாரிடமும் சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் அமத்தி அளவைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதே அமத்தலோடு முற்றத்தில் நடை. இருபது, இருபது, இருபது. மூன்றாம் கிழமை எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“இஞ்சேருங்கோ, தராசு துருப்பிடிச்சுப் போச்சோ? முந்தி உடனை எழும்பினது. இப்ப மினக்கெடுத்துது.”

“இருக்கும்” என்று தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்து எண்ணெய் விட்டார்.

ஐந்தாம் கிழமை திரும்பவும் கேட்டேன். திரும்பவும் எண்ணெய். ஏழாம் கிழமை அளவில் அந்தத் தராசு தின்ற எண்ணெயில் ஒரு சட்டி பருத்தித்துறை வடை பொரித்திருக்கலாம். இருபது கிலோவுக்கு இவ்வளவு பாடா என்று எனக்கு ஆச்சரியம். என் உடம்பு பலவீனப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு இட்டலி கூடச் சாப்பிட்டேன்.

பார்க்க வந்தவர்களுக்குப் பெருமையாகச் சொல்வேன்: “டொக்டர் கூட்டச் சொன்னவர். நான் கூட்டேல்லை. இருபதுக்கு மேலை ஒரு கிராம் இல்லை.” பூமணி அக்கா தலையாட்டுவார். இவர் எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போய்விடுவார்.

மண் கழிவு, ஈரக் கழிவு

எட்டாம் கிழமை படம். டொக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், இதில் எந்தப் பக்கத்தைச் சுரண்டுவார்களோ என்று.

“அம்மா, இஞ்சை பாருங்கோ.”

கறுப்புக் கோட்டைக் காணவில்லை. முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக, தடிப்பாக, அவித்த மாவை உருட்டி அப்பிய மாதிரி ஒரு புடைப்பு.

“எலும்பு வந்திட்டுது. வடிவா வந்திருக்கு. ஒப்பரேசன் தேவையில்லை.”

நான் அழுதேன். சொல்ல வெட்கம் இல்லை, ஏங்கி ஏங்கி அழுதேன்.

“கடைசிக் கிழமை எவ்வளவு குடுத்தனீங்கள்?”

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். “இருபது. முதல் நாளும் இருபது, நேற்றும் இருபது.”

டொக்டர் என் தொடையை அழுத்திப் பார்த்தார். காலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். “இது இருபது கிலோ தூக்கின தசை இல்லையே” என்றார். பிறகு என் கணவரைப் பார்த்தார். இவர் தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா?”

“கழிவு போக இருபது, டொக்டர்.”

டொக்டர் கதிரையை இவர் பக்கம் திருப்பினார்.

“என்ன கழிவு?”

“நீங்கள் சொன்னபடிதான் டொக்டர் செய்தனான். முதல் கிழமை இருபது. பிறகு கிழமைக்கு ஐஞ்சு கிலோப் படி கூடத் தொங்கவிட்டனான். இவவுக்கு மட்டும் கழிவு போகச் சொன்னனான். ரெண்டாம் கிழமை சாக்குக் கழிவு. மூண்டாம் கிழமை மண் கழிவு. பிறகு ஈரம், பிறகு அழுகல்...”

“கடைசிக் கிழமை?”

“ஐம்பத்தைஞ்சு.”

நான் கத்தினேன். “பொய்யே சொன்னீங்கள்? நிறையிலை பொய்யோ? நீங்களோ?”

“பொய் இல்லை. கழிவு.”

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. பிறகு ஒருவாறு முகத்தைச் சரிப்பண்ணிக்கொண்டு, “ஐம்பத்தைஞ்செண்டா நல்லது. அம்மாவின்ரை நிறை ஐம்பத்தெட்டுத்தானே. அப்ப கிட்டத்தட்ட முழுப் பாரமும் ஏத்தியாச்சு” என்றார்.

என் கணவர் செருமினார்.

“இன்னும் கிடக்கு டொக்டர்.”

“எவ்வளவு?”

“ஒரு இருபது இருக்கும்.”

“இஞ்சேருங்கோ!”

“நாற்பது வருசமா மூட்டை பாக்கிறன் டொக்டர். கண்ணாலை பாத்தாலே சொல்லுவன்.”

டொக்டர் அதற்குமேல் அடக்கவில்லை. தாதியும் வெளியே இருந்து எட்டிப் பார்த்தார். நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை. எட்டுக் கிழமையாக நான் பயந்த பாரம் என் காலுக்குள் போய் வந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

“முறிஞ்சிருந்தா என்ன செய்திருப்பியள்?” என்று கேட்டேன்.

இவர் சிரிப்பை விட்டுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“நீர் கொட்டிலுக்கு வாறதுக்கு முதல் ஒவ்வொரு நாளும் நான் தராசிலை என்ரை காலை வைச்சுப் பாத்தனான். டக்கெண்டு எழும்பும்வரைக்கும் அமத்திப் பாப்பன். நோகுதோ எண்டு.”

“உங்கடை கால் முறியாத கால்!”

“அது தெரியும். ஆனால் வேறை எப்பிடிப் பாக்கிறது?”

டொக்டர் எழுதத் தொடங்கினார். வாக்கர் இனி வேண்டாம். இடது கையில் ஒரு தடி. நன்றாக நடக்கலாம்.

தேத்தண்ணி

வெளியே விறாந்தைக்கு வந்தோம். நான் தாதி தந்த தடியோடு இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இவரைக் காணவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. முழங்கால் இரண்டும் தறி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. கையால் அமத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

“என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை. காலிலை பெலன் இல்லை. கொஞ்சம் இருந்தாச் சரி.”

எட்டுக் கிழமையாக இவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். என் பயத்துக்குக் கட்டில் இருந்தது, சூப் இருந்தது, பூமணி அக்கா இருந்தார். இவருடைய பயம் என் முதுகுக்குப் பின்னால் தனியாக நின்றிருக்கிறது. எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கன்ரீன் விறாந்தையின் அடுத்த முனையில். போய்வர ஆளும் இல்லை. இடது கையில் தடி. வலது கையில், திரும்பி வரும்போது, சுடச்சுடத் தேத்தண்ணி. பயமாகத்தான் இருந்தது. ஒவ்வோர் அடியும் பயம். ஆனால் தேத்தண்ணி ஆறிவிடும் என்ற எண்ணமும் இருந்தது. அரைவாசி கையில் ஊற்றுண்டது, மிச்சத்தோடு வந்து சேர்ந்தேன்.

இவர் வாங்கிக் குடித்தார். ஒரு மிடறுதான். என்னை நிமிர்ந்து பார்த்தார். காலைப் பார்த்தார்.

“சீனி காணாது” என்றார்.

முறைத்துவிட்டு, திரும்பவும் அந்த முனைவரை நடந்துபோய்ச் சீனி போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த முதல் தேத்தண்ணியில் சீனி உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்ததா என்று இன்றுவரை நான் இவரைக் கேட்டதில்லை.